சரிவு நிலத்தில் குடும்ப வீடு: நீலகிரியில் முதன்முறையாகக் கட்டுவோருக்கு ஒரு வழிகாட்டி

சமவெளியிலிருந்து வந்து நீலகிரியில் நிலம் வாங்குகிற பலர் வீட்டின் வரைபடத்தையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். கோவையிலோ ஈரோட்டிலோ உறவினர் ஒருவர் கட்டிய முப்பதுக்கு நாற்பது அடி வீட்டின் வரைபடமாக அது இருக்கும். அதைப் பொருத்துவதற்காகப் பொக்லைன் வைத்து மலையை மட்டமாக்குவதே முதல் வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்த வரிசையை மாற்றச் சொல்கிறது. நிலத்தில் மழைநீர் எந்த வழியாகப் போகிறது என்று முதலில் பார்த்து, அந்த வழியை மறிக்காமல் விட்டு, மண்ணை எவ்வளவு குறைவாக வெட்டினால் போதும் என்று கணக்கிட்டு, அதற்குப் பிறகே அறைகளைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இதற்குக் காரணம் இந்த மலையின் மண்தான். நீலகிரியின் அடிப்பாறை சார்னகைட் என்னும் மிகக் கடினமான பாறை. ஆனால் அதன் மேற்பகுதி நெடுங்காலமாகச் சிதைந்து, பல இடங்களில் ஆழமான செம்மண்ணாகக் கிடக்கிறது. காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் இந்த மண் நிற்கும். அந்த உறுதியை நம்பித்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். தொடர் மழையில் நீர் குடித்துக் கனமேறியதும் அதே மண் இளகி, உள்ளே புதைந்திருக்கும் உருண்டைப் பாறைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்குகிறது. 1978லும், 1993இல் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையின் மரப்பாலத்திலும், 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி வட்டாரங்களிலும் நடந்தவை இந்த வகைச் சரிவுகளே. 2009இல் மட்டும் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

நிலம் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

நிலத்தை இரண்டு முறை பார்க்க வேண்டும்: மழைக்காலத்தில் ஒருமுறை, பிப்ரவரி, மார்ச் மாத வறட்சியில் ஒருமுறை. மழையின்போது எந்தத் தடத்தில் நீர் இறங்குகிறது என்பது தெரியும். வறட்சியில் எந்த இடம் அப்போதும் ஈரமாக இருக்கிறது என்பது தெரியும். கோடையிலும் பச்சை மாறாமல், காலை வைத்தால் அழுந்துகிற இடத்தின் அடியில் ஊற்று இருக்கிறது. அந்த இடத்தில் வீடு கட்டக் கூடாது. கட்டினால் தரையில் ஈரம் ஏறுவதை எந்தப் பூச்சாலும் நிறுத்த முடியாது.

மழைக் காலம் என்பதும் மலை முழுவதற்கும் ஒன்றல்ல. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி போன்ற மேற்குப் பகுதிகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழைதான் பெருமழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையே கவலை தருவது. பழனி மலையில் கொடைக்கானலிலும் ஆண்டின் கடைசி மாதங்களில்தான் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ஆகவே கோத்தகிரியில் ஜூலை மாதம் நிலம் பார்த்துவிட்டு, மழையிலும் பார்த்துவிட்டதாக எண்ணிக்கொள்ளக் கூடாது.

அடுத்ததாக, நிலத்தில் நிற்கும் மரங்களையும் பக்கத்து வீட்டுச் சுவர்களையும் பார்க்க வேண்டும். மரங்களின் அடிப்பகுதி பள்ளத்துப் பக்கமாக வளைந்து, மேற்பகுதி நேராக நிமிர்ந்து வளர்ந்திருந்தால், அங்கே மண் பல ஆண்டுகளாக மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். தரையில் பிறை வடிவ வெடிப்பு, வயிறு தள்ளிய தடுப்புச் சுவர், சாய்ந்த மின்கம்பம் ஆகியவையும் அப்படிப்பட்ட அறிகுறிகளே. நிலத்துக்கு மேலே சாலை இருந்தால், அதன் மழைநீர் எந்தக் குழாய்ப் பாலத்தின் வழியாக எங்கே கொட்டுகிறது என்று நடந்து போய்ப் பார்க்க வேண்டும். சாலையின் நீர் நேராக நம் நிலத்தில் இறங்குவதாக இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தயங்குவது நல்லது. நீலகிரியில் மண்சரிவு அபாயமுள்ளவை என்று மாவட்ட நிர்வாகம் 283 இடங்களைக் கண்டறிந்து வைத்திருக்கிறது. வாங்க நினைக்கும் நிலம் அவற்றுக்கு அருகில் இருக்கிறதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரிப்பது கடினமான வேலை அல்ல.

ஊரில் வயதானவர்களிடம் பேச வேண்டும். எந்த ஓடை எந்த ஆண்டு பெருகியது, எந்தத் தேயிலைத் தோட்டம் முன்பு சதுப்பாக இருந்தது என்பதெல்லாம் பத்திரத்தில் இருக்காது. தரகர் சொல்லவும் மாட்டார்.

அனுமதிகள்

மலைப்பகுதிக்கென்று தனி விதிகள் உண்டு. நீலகிரியில் கட்டடத்தின் உயரம் பொதுவாக 7 மீட்டருக்குள், அதாவது ஏறத்தாழ 23 அடிக்குள் இருக்க வேண்டும். பத்தடி உயரமுள்ள இரண்டு தளங்களும் ஒரு தாழ்வான கூரையும் போட்டால் அந்த அளவு முடிந்துவிடும். பட்டியலிடப்பட்ட மலைக் கிராமங்களில் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் ஒப்புதல் தேவைப்படலாம். அதற்குப் புவியியல் சுரங்கத் துறை, வேளாண் பொறியியல் துறை, வனத்துறை ஆகியவற்றின் கருத்துகள் கேட்கப்படும். நிலம் குடியிருப்புப் பயன்பாட்டில் இருக்கிறதா, தேயிலைத் தோட்டமாகவோ விவசாய நிலமாகவோ பதிவாகியிருக்கிறதா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உள்ளாட்சி அலுவலகத்திலும் நகர் ஊரமைப்புத் துறையிலும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சொந்தப் பட்டா நிலத்து மரமானாலும் அனுமதியின்றி வெட்ட முடியாது. பொக்லைன் போன்ற மண் அள்ளும் இயந்திரங்களுக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் மாவட்ட நிர்வாகத்தின் கட்டுப்பாடுகள் உள்ளன. கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் ஜென்ம நிலச் சிக்கல் (பழைய ஜமீன் போன்ற உரிமையில் இருந்த நிலம் யாருக்கு என்ற வழக்கு) இன்னும் தீராத இடங்கள் பல இருப்பதால், அங்கே வழக்கறிஞரின் கருத்து இல்லாமல் எதுவும் வாங்கக் கூடாது. மசினகுடிப் பக்கத்தில் யானை வழித்தடத்தை உறுதிசெய்து 2020இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. பக்கத்து வீட்டுக்காரர் ஐந்தாண்டுக்கு முன் வாங்கிய அனுமதியை வைத்து நம் திட்டத்தைத் தீர்மானிப்பது பிழையாக முடியலாம்.

சரிவை அளத்தல்

கண்ணால் பார்த்துச் சரிவை மதிப்பிட முடியாது. பள்ளத்திலிருந்து மேலே பார்த்தால் செங்குத்தாகத் தோன்றும் நிலம், மேட்டிலிருந்து பார்த்தால் சமமாகத் தெரியும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் டியூப் லெவலும் (நீர் நிரப்பிய தெளிவான குழாய்) இரண்டு நெடிய கம்புகளும் இருந்தால் ஒரு காலையில் அளந்துவிடலாம். மேட்டு எல்லையிலிருந்து பள்ளத்து எல்லை வரை பத்தடிக்கு ஒரு முளை அடித்து, ஒவ்வொரு முளைக்கும் அடுத்த முளைக்கும் உள்ள உயர வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். டேப்பைத் தரையோடு தரையாகப் படுக்க வைக்காமல், கிடைமட்டமாகப் பிடித்து அளக்க வேண்டும். 20 டிகிரிச் சரிவில் தரையோடு அளந்த 64 அடி, புலவரைபடத்தில் 60 அடிதான். சென்ட் கணக்கில் குறைகிறதே என்று விற்றவரோடு சண்டை பிடிக்கிற சிலருக்கு இந்த விளக்கம் போதும்.

இப்படிக் கிடைக்கும் எண்களை வைத்துக் கட்டுமிடத்தின் வெட்டுத் தோற்றம் (நிலத்தைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்ப்பது போன்ற படம்) ஒன்றை வரையுங்கள். தரைத்தள வரைபடத்துக்கும் முன்பாக இருக்க வேண்டிய வரைபடம் அதுதான் என்பது என் கருத்து. பெரும்பாலான நிலங்களில் சரிவு ஒரே சீராக இராது. நடுவில் எங்கோ பழைய படிநிலமோ இயல்பான திட்டோ இருக்கும். வீட்டுக்கான இடம் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். 10 டிகிரிக்குள் இருந்தால் வேலை எளிது. 20 டிகிரி வரை கவனமாகச் செய்யலாம். 30 டிகிரியை நெருங்கினால் மண் பரிசோதனையும் கட்டமைப்புப் பொறியாளரும் இல்லாமல் தொடவே கூடாது. விரிவான நிலஅளவைக்கு ஆகும் செலவை மிச்சப்படுத்துவது, பின்னால் தடுப்புச் சுவரில் பல மடங்காகத் திரும்பி வரும்.

வீட்டை எந்த இடத்தில், எந்தத் திசையில் நிறுத்துவது

நீலகிரியின் படுகர் மக்களுடைய பழைய ஹட்டிகளை (ஊர்களை)ப் பார்த்தால் ஒரு பாடம் கிடைக்கும். வீடுகள் ஒட்டிய சுவர்களோடு ஒரே வரிசையில், மலையின் சமவுயரக் கோட்டை ஒட்டி நீளவாக்கில் அமைந்திருக்கும். முன்னால் நீண்ட பொது முற்றம் இருக்கும். ஒவ்வொரு வீட்டின் ஆழமும் குறைவு என்பதால் மலையை ஆழமாக வெட்ட வேண்டிய தேவை அவர்களுக்கு வரவில்லை. தோட்டத்துப் பங்களாக்களும் பெரும்பாலும் மலையின் முதுகுத் திட்டுகளில்தான் இருக்கின்றன. பள்ளத்தின் மடிப்பில், நீர் சேருகிற இடத்தில், பழைய வீடுகள் அபூர்வம்.

இந்த அட்சரேகையில் டிசம்பர் மாத நண்பகலில் சூரியன் தெற்கு வானத்தில் ஏறத்தாழ 55 டிகிரி உயரத்தில் நிற்கும். குளிர்காலத்தில் வெயில் வேண்டுமென்றால் புழங்கும் அறைகளும் பெரிய சன்னல்களும் கிழக்கிலும் தெற்கிலும் இருக்க வேண்டும். வடக்கு நோக்கிச் சரியும் நிலத்தில் வெயில் சாய்வாக விழுவதாலும், மேட்டின் நிழல் சேர்ந்துகொள்வதாலும், அங்கே கட்டும் வீடு ஜனவரியில் நாளெல்லாம் சில்லென்று இருக்கும். அத்தகைய நிலத்தில் கூரையின் ஒரு பகுதியை உயர்த்தித் தெற்கு வெயிலை மேற்சன்னல் வழியாக உள்ளே கொண்டுவரலாம். உதகையில் காந்தல், தலைகுந்தா போன்ற தாழ்வான இடங்களில் முதலில் நீர்ப்பனியும் பிறகு உறைபனியும் விழுவதற்குக் காரணம், இரவில் குளிர்ந்த காற்று கனத்து இறங்கிப் பள்ளத்தில் தேங்குவதுதான். பள்ளத்தின் அடியைவிடச் சரிவின் நடுப்பகுதி இரவில் சற்று வெதுவெதுப்பானது. மேட்டின் உச்சிக்குக் காட்சி அழகாக இருக்கும். காற்றும் அங்கேதான் அடிக்கும்.

வாஸ்து பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நிலம் வடகிழக்கில் தாழ்ந்து தென்மேற்கில் உயர்ந்திருக்க வேண்டும் என்ற விதிக்காக, எதிர்த் திசையில் சரியும் மலையில் லாரி லாரியாக மண் நிரப்பி மட்டத்தை மாற்றும் வேலை நடக்கிறது. நிரப்பிய மண்தான் முதல் பெருமழையில் இறங்கும். அறைகளின் இடத்தை வாஸ்துப்படி அமைத்துக்கொள்ளுங்கள். மலையின் சரிவை அமைக்க முற்படாதீர்கள்.

வெட்டும் மண்ணின் கணக்கு

ஒரு கணக்கைப் பார்த்தால் மற்ற விளக்கம் தேவைப்படாது. நிலத்தின் சரிவு 20 டிகிரி. வீட்டின் அளவு 1,200 சதுர அடி. மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கிய ஆழம் 30 அடி, சரிவுக்குக் குறுக்கேயான நீளம் 40 அடி என்று வைத்து, முழுவதையும் வெட்டியே ஒரே மட்டமாக்கினால், மேட்டுப் பக்கத்தில் ஏறத்தாழ 11 அடி உயரத்துக்கு மண்ணின் வெட்டுமுகம் நிற்கும். வெளியேறும் மண் சுமார் 65 யூனிட் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி). அதே வீட்டை இரண்டு மட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் 15 அடி ஆழம் என்று அமைத்தால், வெட்டு உயரம் ஒவ்வோர் இடத்திலும் ஐந்தரை அடியாகவும், மண் 33 யூனிட்டாகவும் குறையும். வீட்டைத் திருப்பி 20 அடி ஆழம், 60 அடி நீளம் என்று ஆக்கி, அதையும் பத்துப் பத்தடியாக இரண்டு மட்டங்களில் வைத்தால், வெட்டு உயரம் நாலடிக்குள் அடங்கும். மண் 22 யூனிட்தான். பரப்பளவு மாறவே இல்லை. வெட்டிய மண் தளர்ந்து பெருகும் என்பதால் லாரி எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். அந்த மண்ணைக் கொட்டுவதற்கும் மலையில் இடம் கிடைப்பதில்லை. சாலையோரம், ஓடைக் கரை என்று கண்ட இடத்தில் கொட்டுவது சட்டப்படி தவறு. அடுத்த மழையில் அது கீழே இருப்பவர் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

பாதி வெட்டி, பாதி நிரப்பி மட்டமாக்கலாமே என்று மேஸ்திரிகள் சொல்வார்கள். முற்றத்துக்கும் தோட்டத்துக்கும் அது சரி. வீட்டின் அஸ்திவாரம் மட்டும் நிரப்பாத, இயல்பான மண்ணிலோ பாறையிலோ இறங்க வேண்டும். பாதி வீடு பழைய மண்ணிலும் பாதி புது மண்ணிலும் நின்றால், புது மண் அமுங்குகிற பக்கம் சுவர் பிளக்கும்.

சரிவு மிகுந்த நிலத்துக்கு இன்னொரு வழி, பள்ளத்துப் பக்கத்தைத் தூண்களில் தூக்கி நிறுத்தி மண்ணை அப்படியே விட்டுவிடுவது. இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மேட்டுப் பக்கத்துத் தூண்கள் குட்டையாகவும் பள்ளத்துப் பக்கத்துத் தூண்கள் நெட்டையாகவும் அமைவதால், நில அதிர்வு வந்தால் விறைப்பான குட்டைத் தூண்களே பெரும் விசையை வாங்கும். ஆகவே தூண்களின் கம்பி அளவையும் அவற்றை இணைக்கும் பீம்களையும் பொறியாளரே தீர்மானிக்க வேண்டும். இரண்டாவது, வீடு முடிந்து சில ஆண்டுகளில் "அடியில் இடம் சும்மாதானே கிடக்கிறது" என்று தோண்டி ஓர் அறை எடுக்கும் ஆசை. தூணின் காலடி மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு அதே தூணில் வீட்டை நம்பி வைக்க முடியாது.

அறைகளின் வரிசை

மட்டம் மட்டமாக இறங்கும் வீடு படத்தில் அழகாக இருக்கும். மூட்டுவலியுள்ள பாட்டிக்கு அது தினசரித் தண்டனை. எனவே சாலையிலிருந்து நேராக நுழையும் மட்டத்திலேயே கூடம், சமையலறை, பெரியவர்களின் படுக்கையறை, ஒரு குளியலறை ஆகிய நான்கும் படியின்றி அமைய வேண்டும் என்பதை மாற்றமில்லாத விதியாக வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளின் அறை, விருந்தினர் அறை, படிக்கும் இடம் ஆகியவை அரைத்தளம் கீழே போகலாம். இரு மட்டங்களுக்கும் இடையில் வரும் படிகளில், ஒவ்வொரு படியின் உயரமும் ஆறு அங்குலத்தைத் தாண்டாமலும் கைப்பிடி இருபுறமும் இருக்குமாறும் செய்ய வேண்டும்.

சாலை மேலே இருந்தால் மேல்தளத்தில் நுழைந்து கீழே இறங்கும் வீடு இயல்பாக அமையும்; வண்டி நிறுத்துமிடத்தைச் சாலை மட்டத்திலேயே முடித்துக்கொள்ளலாம். சாலை கீழே இருந்தால் வண்டியை வீடு வரை கொண்டுவர வளைபாதை வெட்டத் தோன்றும். அந்தப் பாதை வீட்டைவிட அதிகமாக மலையை வெட்டும். நடைபடிகளும், சுமை இறக்க ஒரு சிறு மேடையும் போதுமா என்று குடும்பத்தோடு பேசிப் பாருங்கள். எப்படியும் கட்டுமானப் பொருள்களைத் தலைச்சுமையாகத்தான் கொண்டுசெல்ல வேண்டியிருக்கும் என்பதால், சுமைக் கூலியை முதல் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிட வேண்டும்.

நீருக்கு வழி

மற்ற எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்கக் கூடாது. நிலத்துக்கு வரும் நீர் நான்கு வகை: மேட்டிலிருந்து தரைமேல் இறங்கும் மழைநீர், மண்ணுக்குள் கசிந்து வரும் ஊற்றுநீர், நம் கூரையில் விழும் மழை, நாமே உண்டாக்கும் கழிவுநீர். ஒவ்வொன்றுக்கும் தனி வழி வேண்டும்.

மேட்டு நீருக்கு, வெட்டுமுகத்தின் விளிம்பிலிருந்து சில அடி மேலே, சரிவுக்குக் குறுக்காக ஒரு மேல்வடிகால் எடுக்க வேண்டும். அது கல் பதித்தோ கான்கிரீட் போட்டோ இருக்க வேண்டும். வெறும் மண்வாய்க்காலாக விட்டால் அதில் தேங்கும் நீர் நேராக வெட்டுமுகத்துக்குப் பின்னால் இறங்கி, வடிகாலே இல்லாததைவிட மோசமான நிலையை உண்டாக்கும். மேல்வடிகாலின் நீரை நிலத்தின் ஓரமாகப் படிப்படியான வடிகால் வழியாக, ஒவ்வொரு படியிலும் வேகம் தணியுமாறு இறக்கி, ஏற்கெனவே இருக்கும் ஓடையிலோ பொதுவடிகாலிலோ சேர்க்க வேண்டும். கீழே இருப்பவரின் தோட்டத்தில் திறந்துவிடுவது பகையையும் வழக்கையும் கொண்டுவரும். மழையில் மட்டும் ஓடும் சிறு ஓடை நிலத்துக்குள் இருந்தால், அதைக் குழாயில் அடைத்து மூடுவது பெரும் ஆபத்து; இலையும் மண்ணும் அடைத்துக்கொண்ட குழாய், ஓடையை வீட்டுக்குள் திருப்பிவிடும்.

மண்ணுக்குள் கசியும் நீருக்கு எளிய மருந்து, வீட்டுச் சுவரை மலையோடு ஒட்டாமல் விடுவது. தடுப்புச் சுவருக்கும் வீட்டின் பின்சுவருக்கும் இடையில் குறைந்தது மூன்று அடிச் சந்து விட்டு, அதன் தரையை வீட்டுத் தரையைவிட அரை அடியாவது தாழ்த்தி, நடுவே திறந்த வடிகால் ஓட வேண்டும். இடம் வீணாகிறதே என்று அந்தச் சந்து இடத்தை மூடி அறையோடு சேர்த்துவிட்டால், அந்த அறையின் சுவர் ஆண்டு முழுவதும் பூஞ்சை பிடித்திருக்கும். அலமாரியில் வைத்த பட்டுப்புடவை முதல் பிள்ளைகளின் புத்தகம் வரை எல்லாம் வாடை அடிக்கும். ஆள் நுழைந்து சுத்தம் செய்யும் அகலம் சந்துக்கு இருப்பது முக்கியம்.

கூரை நீரின் அளவைப் பலர் உணர்வதில்லை. 1,000 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் சேர்வது சுமார் 9,300 லிட்டர். அதைக் கூரை விளிம்பிலிருந்து தரையில் கொட்டவிட்டால், சரியாக அஸ்திவாரத்தின் ஓரத்தை அது அரிக்கும். தாழ்வாரத் தகரக் குழாய் வைத்து, ஒரு பகுதியைத் தொட்டியில் சேமித்து, மிகுதியை வடிகாலில் சேர்க்க வேண்டும். சமவெளியில் நல்லது என்று சொல்லப்படும் மழைநீர் உறிஞ்சு குழியைச் சரிவில், அதுவும் வீட்டுக்கு மேட்டிலோ தடுப்புச் சுவருக்குப் பின்னாலோ வைப்பது, மண்ணுக்குள் நாமே நீரை ஏற்றுவதாகும். கழிவுநீர்த் தொட்டி வீட்டுக்குப் பள்ளத்தில், வெட்டாத மண்ணில், கிணற்றிலிருந்தும் ஊற்றிலிருந்தும் 60 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். அதன் உறிஞ்சு குழி எந்தத் தடுப்புச் சுவரின் தலைக்கு மேலும் வரக் கூடாது. தொட்டிக்குக் கனமான மூடியும் அவசியம். காட்டெருமைகள் வீட்டு முற்றம் வரை வந்துபோகும் குன்னூரிலும் கோத்தகிரியிலும், திறந்த குழிகளில் அவை விழுந்து சிக்கிக்கொள்வது நடக்கிற செய்திதான்.

தண்ணீர்த் தொட்டியை மேட்டில் வைத்தால் மோட்டார் இல்லாமல் வீட்டுக்கு நீர் வரும். ஆனால் 5,000 லிட்டர் தொட்டி நிறைந்தால் ஐந்து டன் எடை. அதை நிரப்பிய மண்ணில் வைக்கக் கூடாது. வழிந்தோடும் குழாயை வடிகாலோடு இணைத்துவிட வேண்டும். மாதக்கணக்காக யாரும் கவனிக்காத ஒரு குழாய்க் கசிவு, ஒரு நாள் பெருமழையைவிட அதிகமாக மண்ணை இளக்கிவிடும்.

தடுப்புச் சுவரும் அஸ்திவாரமும்

ஐந்தடி வரையிலான கருங்கல் தடுப்புச் சுவரை அனுபவமுள்ள கொத்தனார் கட்டிவிடுவார். அதற்கு மேல் பொறியாளரின் கணக்கு வேண்டும். மலைப்பகுதித் தடுப்புச் சுவர்களுக்கென்றே ஐ.எஸ். 14458 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. கல் சுவரின் அடி அகலம் உயரத்தில் பாதிக்குக் குறையக் கூடாது. முகம் மலைப் பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். ஐந்தடிக்கு ஒன்றாக, வரிசைக்கு வரிசை மாற்றி, மூன்று அல்லது நான்கு அங்குலக் குழாய்த் துளைகள் வெளிப்பக்கம் சாய்வாக அமைய வேண்டும். சுவருக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்கு ஜல்லியும் கல்லும் நிரப்ப வேண்டும். துளை மட்டும் வைத்துப் பின்னால் களிமண்ணையே தள்ளிவிட்டால், துளைகள் ஒரே மழையில் அடைத்துப்போகும். 15 அடிக்கு ஒரே சுவர் எழுப்புவதைவிட, இடையில் நல்ல அகலமான படி விட்டு மூன்று ஐந்தடிச் சுவர்கள் கட்டுவது பெரும்பாலும் பாதுகாப்பானது. இடைப்படிகளில் தேயிலையோ பூச்செடியோ வைக்கலாம்.

அஸ்திவாரம் சரிவோடு படிப்படியாக இறங்கும். ஒவ்வொரு படியின் அடியும் கிடைமட்டமாக இருக்க வேண்டும். அஸ்திவாரத்தின் கீழ்விளிம்பிலிருந்து சரிவின் வெளிமுகம் வரை கிடைமட்டமாக, மண்ணானால் குறைந்தது 90 சென்டிமீட்டரும், பாறையானால் 60 சென்டிமீட்டரும் இடைவெளி வேண்டும். அஸ்திவாரக் குழி (வானம்) தோண்டும்போது பாறை தட்டுப்பட்டால் மகிழ்ந்துவிடக் கூடாது. அது மலையோடு சேர்ந்த பாறையா, மண்ணுக்குள் மிதக்கும் உருண்டைக் கல்லா என்று சுற்றிலும் தோண்டிப் பார்க்க வேண்டும். ஒரு மூலை கல்லிலும் மற்ற மூலைகள் மண்ணிலும் நிற்கும் வீடு நிச்சயம் வெடிப்பு காணும்.

கூரையைப் பற்றி நீளமாகச் சொல்ல ஏதுமில்லை: மொட்டை மாடி வேண்டாம், சாய்வுக் கூரை போடுங்கள், மழைக்காற்று அடிக்கும் பக்கத்தில் கூரை விளிம்பை இரண்டரை அடியாவது நீட்டுங்கள்.

வேலையின் காலவரிசை

மண்வேலையை ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் முடித்துக்கொள்வது நல்லது. முதலில் மேல்வடிகால், அடுத்துத் தடுப்புச் சுவர், அதன்பின் அஸ்திவாரம் என்ற வரிசை மாறக் கூடாது. வீட்டைக் கட்டி முடித்துவிட்டுக் கடைசியில் காசு மிஞ்சினால் தடுப்புச் சுவர் என்று விடுவதுதான் மலையில் அதிகம் காணும் தவறு. வெட்டுவதை ஒரே மூச்சில் முழு நீளத்துக்கும் செய்யாமல், எட்டுப் பத்தடித் துண்டாக ஒன்று விட்டு ஒன்று வெட்டி, சுவர் எழுப்பிவிட்டு அடுத்த துண்டுக்குப் போக வேண்டும். இடையில் கோடை மழை வந்தால், வெட்டுமுகத்தைத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். அந்த நேரத்தில் வெட்டுமுகத்தின் கீழே யாரையும் வேலைக்கு இறக்காதீர்கள். மண் மூடித் தொழிலாளர் இறக்கும் விபத்துகள் இப்படிப்பட்ட இடங்களிலேயே நிகழ்கின்றன.

மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைத்து, வேலை முடிந்ததும் வெற்றுச் சரிவில் பரப்பிப் புல் நட வேண்டும். குன்னூர், கோத்தகிரி, கூடலூர் உயரத்தில் வெட்டிவேர் நன்றாகப் பிடிக்கும்; உறைபனி விழும் உதகைப் பக்கத்தில் கிக்குயு புல் பொருத்தம். பள்ளத்துப் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் தேயிலைச் செடிகளைப் பிடுங்கிப் புல்வெளியாக்குவதை என்னால் ஒருபோதும் ஆதரிக்க முடியவில்லை. நெடுநாள் வேரூன்றிய அந்தச் செடிகள் இலவசமாகக் கிடைத்த பாதுகாப்பு.

குடியேறிய பிறகு

முதல் பெருமழையின்போது குடை பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். தடுப்புச் சுவரின் துளைகளிலிருந்து தெளிந்த நீர் வந்தால் சுவர் தன் வேலையைச் செய்கிறது. சேற்று நீர் வந்தால் பின்னாலுள்ள மண் அரிக்கப்படுகிறது. பெருமழையிலும் எல்லாத் துளைகளும் வறண்டு கிடந்தால் அவை அடைத்திருக்கின்றனவா என்று கம்பி விட்டுச் சோதிக்க வேண்டும். பருவமழைக்கு முன்பாக ஆண்டுதோறும் மேல்வடிகாலையும் வீட்டின் பின்னாலுள்ள சந்து வழியையும் சுத்தம் செய்வதற்கு ஆள் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

சுவரில் வெடிப்பு தோன்றினால் உடனே பூசி மறைக்க வேண்டாம். வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி, குறுக்கே ஒரு சிறு சாந்துப் பட்டை வைத்துவிட்டு, ஒரு மழைக்காலம் கவனியுங்கள். பட்டை உடையாமலும் வெடிப்பு கோட்டைத் தாண்டாமலும் இருந்தால் பிறகு பூசிக்கொள்ளலாம். பட்டை உடைந்தாலோ, கதவு சட்டத்தில் சிக்கத் தொடங்கினாலோ, மேட்டுப் பக்கத்துத் தரையில் புதிய வெடிப்பு தெரிந்தாலோ, அன்றிரவே குடும்பத்தை வேறிடத்தில் தங்கவைத்துவிட்டு, வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் பொறியாளருக்கும் தகவல் சொல்லுங்கள்.